சிலேட்டுக்கு எந்தக் குச்சி? வான்கோழி வேட்டைக்காரர்களின் கேள்விகளுக்குப் பதில்கள்

கே: இந்த வசந்த சீசனில்தான் தொடங்குகிறேன். சிலேட்டு அழைப்பானுக்கு (கிண்ணத்தில் பதித்த கல்லில் குச்சியை இழுத்து வான்கோழிக் குரல் எழுப்பும் கருவி) ஒரே ஒரு ஸ்ட்ரைக்கர், அதாவது அந்தக் குச்சி, வாங்குவதென்றால் எது? (மிசௌரி வாசகர்)

ப: ஹிக்கரி மரம். யோசிக்கவே வேண்டாம். பெட்டையின் யெல்ப் (கூவி அழைப்பது), கிளக் (ஒற்றைக் கொக்கரிப்பு), பர்ர் (மெல்லிய முனகல்) மூன்றும் அதில் வரும். இன்னொன்று வாங்குவதை அடுத்த ஆண்டு பார்த்துக்கொள்ளலாம்.

கே: ஹிக்கரிக்கும் பர்ப்பிள்ஹார்ட்டுக்கும் அப்படியென்ன வித்தியாசம்?

ப: அடர்த்தியும் கடினமும். மரத்தின் கடினத்தைச் சொல்லும் ஜங்கா அளவில் ரெட் சீடர் 900, வால்நட் 1,000, ஹிக்கரி 1,800, பர்ப்பிள்ஹார்ட் 2,500, ஐப்பே 3,500. எல்லாம் உத்தேசமாகத்தான். எண் கூடக் கூடக் குரல் உயரும், கூர்மையாகும், தூரம் போகும். காற்றடிக்கிற நாளில் எதிர்மேட்டுச் சேவலைக் கூப்பிட பர்ப்பிள்ஹார்ட் சரி. அதே சேவல் அறுபது எழுபது கஜத்துக்குள் வந்துவிட்டால் ஹிக்கரியையோ சீடரையோ எடுத்து மெல்லிய பர்ர் போடுங்கள். ஐப்பே, கல்லுக்குப் பதில் கண்ணாடி பதித்த அழைப்பானுக்கு நல்லது. சிலேட்டில் பெரும்பாலும் வழுக்கும்.

கே: என் அழைப்பானில் சத்தமே வரவில்லை. என்ன ஸ்ட்ரைக்கர் வாங்கலாம்?

ப: மேற்பரப்பு சிலேட்டா, கண்ணாடியா, அலுமினியமா? எழுதவில்லை. கையில் உள்ள குச்சி என்ன மரம்? எழுதவில்லை. கடைசியாக எப்போது தேய்த்தீர்கள்? அதுவும் இல்லை. இப்படி எழுதினால் யார் பதில் சொல்ல முடியும்?

சிலேட்டு என்றே வைத்துக்கொள்கிறேன். எதையும் வாங்காதீர்கள். பாத்திரம் தேய்க்கும் பச்சை ஸ்க்ரப்பரால் கல்லை ஒரே திசையில் தேய்த்து, தூசியை ஊதிவிடுங்கள். குச்சியின் நுனி பளபளவென்று இருந்தால் அந்தப் பளபளப்பு போகும் அளவுக்கு மட்டும் நைஸ் உப்புத்தாளால் உரசுங்கள். தேய்த்த கோடுகளுக்குக் குறுக்கே இழுங்கள். கிண்ணத்தை விரல்நுனிகளில் தாங்குங்கள். உள்ளங்கையால் அடித்துளைகளை மூடினால் சத்தம் செத்துவிடும். கல்லையும் நுனியையும் விரலால் தொடாதீர்கள். கை எண்ணெய் பட்ட இடத்தில் குச்சி பிடிக்காது.

கே: சாக் தடவியதும் சிலேட்டு ஊமையாகிவிட்டது.

ப: சாக், மரப்பெட்டி வடிவிலான பாக்ஸ் அழைப்பானுக்கு உரியது. சிலேட்டுக்கு ஒருபோதும் கூடாது. துடைத்துவிட்டு மேலே சொன்னபடி தேயுங்கள்.

கே: நண்பரின் கோகோபோலோ ஸ்ட்ரைக்கர் அச்சு அசலாகப் பெட்டை மாதிரியே பேசுகிறது. நல்ல விலை கொடுத்து அதே மரத்தில் நானும் வாங்கினேன். என் சிலேட்டில் கிறீச்சிடுகிறது. அடுத்து எந்த மரம்? (ஜார்ஜியா வாசகர்)

ப: மரத்தின் பெயர் மட்டும் மாறி, இதே கேள்வி ஒவ்வொரு ஆண்டும் வருகிறது. ஒரு ஆண்டு பிளட்வுட், மறு ஆண்டு ஒசேஜ் ஆரஞ்சு. விற்பவர்கள் மரத்தின் பெயரைப் பெரிதாக அச்சடித்து, குச்சியின் எடையையும் நுனியின் வடிவத்தையும் சொல்லாமல் விடுகிறார்கள். நீங்களும் பெயரை வாங்கிக்கொண்டு வருகிறீர்கள். இது எனக்கு உண்மையிலேயே கோபம் தரும் விஷயம்.

நுனி கல்லைப் பற்றும், வழுக்கும், மறுபடி பற்றும். ஒரு நொடிக்குள் நூற்றுக்கணக்கான தடவை. அந்த அதிர்வு கல் வழியாக உள்ளிருக்கும் ஒலிப்பலகைக்கும் கிண்ணத்துக் காற்றுக்கும் போய்த்தான் குரலாகிறது. குச்சியின் தலை எடை, தண்டின் தடிமன், நார் நேராக ஓடுகிறதா, நுனி கூர்மையா மழுங்கலா, இவை அத்தனையும் அதில் சேரும். ஒரே பலகையில் அறுத்து ஒரே லேத்தில் கடைந்த இரண்டு குச்சிகள் ஒரே கல்லில் வேறு வேறாகப் பேசும். உங்கள் நண்பரின் குச்சி அவருடைய கிண்ணத்தோடு சேர்ந்தது. உங்கள் கிண்ணத்தைப் பற்றி அதற்கு ஒன்றும் தெரியாது.

ஆகவே கடைக்குப் போகும்போது உங்கள் அழைப்பானையும் எடுத்துப்போங்கள். பெயரைப் பார்க்காமல் பத்துக் குச்சியை வரிசையாக இழுத்துப் பாருங்கள். பெட்டையின் யெல்ப் தெளிவான உயர்ந்த குரலில் தொடங்கி, கரகரத்துக் கீழே இறங்கும். அழுத்தத்தை மாற்றாமலே அந்த இரண்டும் வருகிற குச்சிதான் உங்களுடையது. கூட வந்தவரை முப்பது நாற்பது அடி தள்ளி நிறுத்திக் கேட்கச் சொல்லுங்கள். மடிமேல் கேட்கிற குரல் வேறு, சேவல் கேட்கிற குரல் வேறு.

கோகோபோலோவைத் தூக்கிப் போட வேண்டாம். பிடியை அரை இஞ்ச் மேலே ஏற்றுங்கள், அழுத்தத்தைக் குறையுங்கள், விளிம்பிலிருந்து கல்லின் நடுப்பக்கம் கொஞ்சம் நகருங்கள். அப்போதும் கிறீச்சிட்டால் நுனியைச் சற்று உருண்டையாக்குங்கள். அகன்ற நுனி தாழ்ந்த, கரகரத்த குரல் தரும். எண்ணெய்ப்பசை உள்ள மரம், அதனால் நுனியை அடிக்கடி உரச வேண்டியிருக்கும். தேய்க்கும்போது முகமூடி போடுங்கள். அந்தத் தூள் பலருக்குத் தோல் ஒவ்வாமை தருகிறது. நுனியை விரலால் தொடாதீர்கள் என்று மறுபடியும் சொல்லவேண்டுமா?

கே: மழையில்?

ப: மர நுனி ஈரம் குடித்ததும் பேசாது. ஜிப் பையில் வையுங்கள். விடாமல் பெய்கிறதென்றால் சிலேட்டையே உள்ளே வைத்துவிட்டு, அலுமினியமும் கார்பன் ஸ்ட்ரைக்கரும் எடுங்கள்.

கே: ஸ்ட்ரைக்கர் முழுக்க வார்னிஷ் அடிக்கலாமா?

ப: தலைக்கும் தண்டுக்கும் அடிக்கலாம். நுனிப் பக்கம் கடைசி ஒரு இஞ்ச் எதுவும் பூசாத வெறும் மரமாகவே இருக்கட்டும்.

கே: ரோஸ்வுட் நம் ஊர் ஈட்டிதானே? சொந்த ஊரிலிருந்து ஒரு கட்டை கொண்டுவந்து கடைந்துகொள்ளலாமா? (டெக்சாஸ் வாசகர்)

ப: ஈட்டி சிலேட்டில் அருமையாகப் பேசும். ஆனால் ஈட்டி சேர்ந்த டால்பெர்ஜியா பேரினம் முழுவதும் 2017 முதல் சைட்ஸ் (அழியும் ஆபத்துள்ள உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் ஒப்பந்தம்) பட்டியலில் இருக்கிறது. அனுமதிச் சீட்டில்லாமல் கட்டையைப் பெட்டிக்குள் வைத்து விமானம் ஏறாதீர்கள். இங்கேயே முறையாக விற்கும் துண்டை வாங்குங்கள்.

கே: ஒரு முதியவர் மக்காச்சோளக் கதிரின் நடுக்கட்டையில் சொருகிய குச்சி ஒன்று கொடுத்தார். அலங்காரத்துக்கா, வேட்டைக்கா? (பென்சில்வேனியா வாசகர்)

ப: வேட்டைக்குத்தான். பழையவர்கள் சீடரையோ ஹிக்கரியையோ அப்படித்தான் சொருகினார்கள். தலை எடை குறைவு என்பதால் மெல்லிய கிளக்கும் பர்ரும் அதில் நன்றாக வரும். சொருகிய இடம் தளர்ந்திருந்தால் துளி மரப்பசை விடுங்கள். அந்தக் குச்சியில் யெல்ப் போட்டு, பெரிய மரமொன்றில் முதுகு சாய்த்து உட்கார்ந்தே இருங்கள். உங்கள் மாநிலத்தில் வசந்த காலச் சேவலைக் கூப்பிட்டு வரவழைக்கத்தான் அனுமதி. குரல் வரும் திசையில் பதுங்கிப் போவது சட்டவிரோதம். அந்தக் குரல் இன்னொரு வேட்டைக்காரருடையதாகவும் இருக்கலாம்.