வெள்ளத்தில் நின்ற காரா? பெல்ட்டை இழுத்துப் பாருங்கள்

கேள்வி: கடலூர் மஞ்சக்குப்பத்தில் இருக்கிறேன். வேகமான கார் ஒன்று வாங்க வேண்டும் என்பது நெடுநாள் ஆசை. கையில் ஆறு லட்சம் இருக்கிறது. புதுச்சேரியில் 2016 மாடல் ஃபோக்ஸ்வாகன் போலோ ஜிடி டிஎஸ்ஐ, பிஒய் 01 பதிவு, ஐந்தேகால் லட்சம் சொல்கிறார்கள். 48,000 கி.மீ.தான் ஓடியிருக்கிறதாம். வாங்கலாமா?

பதில்: நல்ல தேர்வு. 1.2 லிட்டர் டர்போ பெட்ரோல், 105 பிஎஸ் சக்தி, மிதித்ததும் பாயும். 145 பிஎஸ் அபார்த் புன்டோ இதைவிட வேகம்தான், ஆனால் ஃபியட் இங்கே கடையை மூடிவிட்டது, பாகத்துக்கு அலைய வேண்டும்.

ஆனால் நம் பக்கத்தில் கிலோமீட்டருக்கு முன்னால் தண்ணீரைப் பார்க்க வேண்டும். 2024 நவம்பர் 30-ல் ஃபெஞ்சல் புயல் கரை கடந்தபோது புதுச்சேரியில் ஒரே நாளில் 40 செ.மீ.க்கு மேல் மழை. அதில் மூழ்கி எழுந்த வண்டியைக் கழுவி பாலிஷ் போட்டுவிட்டால் வெளியே ஒன்றும் தெரியாது. சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுங்கள். நான் பார்த்த ஒரு காரில் மேலே பளிச்சென்றிருந்த பெல்ட், அடி ஒரு முழம் செம்மண் நிறத்தில் வந்தது. கார்ப்பெட்டைத் தூக்கி முகருங்கள், சீட்டு ஓடும் தண்டவாளத்தில் துரு இருக்கிறதா என்று டார்ச் அடியுங்கள். புயலுக்கு அடுத்த ஆண்டு இன்சூரன்ஸ் பாலிசியையும் கேளுங்கள். அதே உரிமையாளரிடம் இருந்தும் நோ கிளெய்ம் போனஸ் (கிளெய்ம் எடுக்காதவருக்குப் பிரீமியத்தில் கிடைக்கும் தள்ளுபடி) சுழி என்றால், எதற்குக் கிளெய்ம் எடுத்தார் என்று கேட்டே ஆக வேண்டும். உப்புக்காற்று வேறு, ராம்ப்பில் ஏற்றி அடிப்பக்கம் பாருங்கள்.

அப்புறம் கியர்பாக்ஸ். இதில் இருப்பது 7 வேக டிஎஸ்ஜி, அதாவது இரட்டை கிளட்ச் ஆட்டோமேட்டிக், பழுதானால் லட்சத்தைத் தொடும். நீங்கள் போகும் வரை வண்டியை ஸ்டார்ட் செய்யக் கூடாது என்று சொல்லிவையுங்கள். பானெட்டில் கை வைத்தால் சில்லென்று இருக்க வேண்டும். ஈசிஆரில் பறந்து பார்த்துப் பயனில்லை. முதலியார்பேட்டை நெரிசலில் ஊர்ந்து ஓட்டுங்கள். ஒன்றிலிருந்து இரண்டுக்கு மாறும்போது உதறினால் வேண்டாம்.

சரி, பேப்பர். புதுச்சேரி ஆர்டிஓவில் என்ஓசி (தடையில்லாச் சான்று) வாங்கி, கடலூரில் தமிழ்நாட்டு ஆயுள் வரி கட்டி டிஎன் 31-க்கு மாற்ற வேண்டும். ஆர்சியில் கடன் பதிவு இருந்தால் அதை விற்பவர்களே நீக்கித் தரட்டும். வரி எவ்வளவு என்று ஆர்டிஓவில் முதலில் கேட்டுக்கொண்டு, அதையும் கணக்கில் வைத்து விலை பேசுங்கள்.