இலங்கையில் 2018இல் மகிந்த ராஜபக்சவின் பிரதமர் நியமனம் ஏன் நிலைக்கவில்லை?

"பிரதமரை நியமிப்பது ஜனாதிபதிதானே, மைத்திரி செய்ததில் என்ன பிழை?" என்று கேட்டிருக்கிறீர்கள். நியமிக்கும் அதிகாரம் அன்றைய ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேனவுக்கு இருந்தது. ஆனால் அந்தக் கதிரை காலியாக இருக்கவில்லை; ரணில் விக்கிரமசிங்க அதில் இருந்தார்.

நாடாளுமன்றத்தின் நம்பிக்கை யாருக்கு இருக்கும் என்று ஜனாதிபதி கருதுகிறாரோ அவரை நியமிக்கலாம் என்றது அரசியலமைப்பின் அப்போதைய 42(4)ஆம் உறுப்புரை. மகிந்த தரப்பு பிடித்துக்கொண்டது இந்த வரியைத்தான். ஆனால் முன்பு ஜனாதிபதி ஒரு கடிதத்தால் பிரதமரை நீக்க முடிந்த ஏற்பாட்டை 2015இன் 19ஆம் திருத்தம் எடுத்துவிட்டது. அதன்பின் பிரதமர் தானே விலக வேண்டும், அல்லது எம்.பி. பதவியை இழக்க வேண்டும். இல்லையென்றால் நம்பிக்கையில்லாப் பிரேரணையிலோ வரவு செலவுத் திட்டத்திலோ அரசு தோற்க வேண்டும். மைத்திரி மகிந்தவை நியமித்த ஒக்டோபர் 26 இரவு இவற்றில் எதுவும் நடந்திருக்கவில்லை. ரணில் பிரதமரின் வாசஸ்தலமான அலரி மாளிகையை விட்டு நகராததற்குக் காரணம் இதுதான்.

மறுநாளே நாடாளுமன்றம் நவம்பர் 16 வரை ஒத்திவைக்கப்பட்டது. 225 பேரில் 113 பேரைச் சேர்க்க அவகாசம் தேடிய வேலை அது. ஆள் சேரவில்லை, நவம்பர் 9 சபையையே கலைத்தார்கள். இதுதான் பெரிய சறுக்கல். முதல் அமர்வு 2015 செப்டம்பர் 1. அதிலிருந்து நான்கரை ஆண்டு முடியுமுன் கலைக்க வேண்டுமானால் சபையே மூன்றில் இரண்டு பங்கு பெரும்பான்மையால் கேட்க வேண்டும் என்றது அப்போதைய 70(1). தமிழ்த் தேசியக் கூட்டமைப்பின் தலைவர் சம்பந்தன் உள்ளிட்டோர் வழக்குப் போட்டார்கள். நவம்பர் 13 உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது.

அடுத்த நாளே சபை கூடியது. மகிந்தவுக்கு எதிரான நம்பிக்கையில்லாப் பிரேரணைக்கு ஆதரவாக 122 பேர் கையொப்பமிட்டார்கள். 16ஆம் திகதி மகிந்த தரப்பு எம்.பி.க்கள் மிளகாய்த் தூள் வீசினார்கள், கதிரைகள் பறந்தன. சபாநாயகர் கரு ஜயசூரிய பொலிஸ் பாதுகாப்போடு வந்து குரல் வாக்கெடுப்பு நடத்தினார். கூச்சல் நடுவே எடுத்த வாக்கு செல்லாது என்று மைத்திரி மறுத்தார். அதனால் எதிரணி பணத்தில் கைவைத்தது: பிரதமர் அலுவலகச் செலவை நிறுத்தும் பிரேரணை நவம்பர் 29 எதிர்ப்பின்றி 123 வாக்குகளால் நிறைவேறியது. என் கணிப்பில் மிகக் கூர்மையான நகர்வு இதுதான்.

"எந்த உரிமையில் பதவியில் இருக்கிறீர்கள்?" என்று கேட்ட மனுவில், மகிந்தவும் அவரது அமைச்சரவையும் இயங்க மேன்முறையீட்டு நீதிமன்றம் டிசம்பர் 3 தடை விதித்தது. 13ஆம் திகதி ஏழு நீதியரசர்களும் ஒருமித்துக் கலைப்பு செல்லாது என்றார்கள். 15இல் மகிந்த விலகினார். 16இல் அதே மைத்திரி முன்னிலையில் ரணில் பதவியேற்றார்.

இந்தத் தீர்ப்பை இன்றைய சபைக்கு அப்படியே பொருத்திப் பார்க்காதீர்கள். 2020இன் 20ஆம் திருத்தம் அந்த நான்கரை ஆண்டு வரம்பை இரண்டரை ஆண்டாகக் குறைத்துவிட்டது.