பகிர்ந்த ஃபோல்டரில் ரூட்டாலும் எழுத முடியவில்லையே?

கேள்வி: எங்கள் உபுண்டு சர்வரில் படங்கள் உள்ள ஃபோல்டரை என்எஃப்எஸ் (நெட்வொர்க் வழியாக ஃபோல்டரைப் பகிரும் முறை) மூலம் ராக்கி லினக்ஸ் சர்வருக்குப் பகிர்ந்திருக்கிறோம். மவுன்ட் ஆகிறது, டெர்மினலில் படிக்கவும் முடிகிறது. ஆனால் அப்பாச்சியாலும் (வெப் சர்வர் மென்பொருள்) ரூட்டாலும் (முழு அதிகாரமுள்ள நிர்வாகி கணக்கு) எழுத முடியவில்லை. 'பெர்மிஷன் டினைட்' என்றே வருகிறது. யார் வேண்டுமானாலும் படிக்கவும் எழுதவும் விடும் 777 அனுமதியைக் கொடுத்துவிடச் சொல்கிறார் நண்பர். கொடுக்கலாமா?

பதில்: வேண்டாம். ராக்கியில் அந்த ஃபோல்டரை 'எல்எஸ் -எல்' கொடுத்துப் பாருங்கள். உரிமையாளர் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் 33 என்ற வெறும் எண் நிற்கும். கெர்பரோஸ் என்ற அடையாளச் சரிபார்ப்பு முறையை அமைக்காத என்எஃப்எஸ்ஸுக்கு யூசரின் எண்தான் அடையாளம். உபுண்டுவில் வெப் சர்வர் கணக்கின் எண் 33, ராக்கியில் அப்பாச்சியின் எண் 48. எனவே 48 ஆக வருபவரை உபுண்டு அந்நியராகவே நடத்துகிறது. ரூட்டின் கதை வேறு: 'ரூட் ஸ்குவாஷ்' இயல்பாகவே செயலில் இருப்பதால், 0 என்ற எண்ணோடு வருபவர் 65534 என்ற, எந்தச் சிறப்பு உரிமையும் இல்லாத 'நோபடி'யாக மாற்றப்படுகிறார். இந்தக் காவலை நீக்கும் 'நோ ரூட் ஸ்குவாஷ்' பக்கம் போகாதீர்கள்.

வெப் சர்வருக்கு மட்டுமே பயன்படும் ஃபோல்டர் என்றால், உபுண்டுவில் பகிர்வுகளைப் பட்டியலிடும் எக்ஸ்போர்ட்ஸ் கோப்பில் அந்த ஃபோல்டருக்கான வரியின் அடைப்புக்குறிக்குள் 'ஆர்டபிள்யூ' (படிக்க, எழுத உரிமை), 'ஆல்_ஸ்குவாஷ்' ஆகியவற்றோடு 'அனான்யூஐடி=33', 'அனான்ஜிஐடி=33' என்று எழுதி, 'எக்ஸ்போர்ட்எஃப்எஸ் -ஆர்ஏ' கட்டளையை இயக்குங்கள். அதன் பிறகு ராக்கியிலிருந்து யார் எழுதினாலும் 33 எழுதியதாகவே கணக்கு. அந்த வரியை எழுதும்போது ராக்கியின் ஐபி முகவரிக்கும் அடைப்புக்குறிக்கும் நடுவே இடைவெளி விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள். விழுந்தால் உங்கள் ராக்கிக்குப் படிக்கும் உரிமை மட்டும் போய்ச் சேர, எழுதும் உரிமை ஊருக்கே பொதுவாகிவிடும். நானும் ஒருமுறை இந்த இடைவெளியை விட்டுவிட்டு, திரையில் வந்த எச்சரிக்கையையும் படிக்காமல் கடந்திருக்கிறேன்.

இனி 'சூடோ -யூ அப்பாச்சி டச்' என்று ராக்கியில் ஒரு வெற்றுக் கோப்பை உருவாக்கிப் பாருங்கள். அது உருவாகியும் இணையதளம் வழியாகப் படம் ஏறவில்லை என்றால், பெரும்பாலும் தடுப்பது ராக்கியிலுள்ள எஸ்ஈலினக்ஸ் என்ற கூடுதல் பாதுகாப்பு அடுக்குதான். அதை அணைத்துவிடாமல், 'செட்எஸ்ஈபூல் -பி ஹெச்டிடிபிடி_யூஸ்_என்எஃப்எஸ் ஆன்' (இதில் 'பி' பெரிய எழுத்து) என்ற ஒரே கட்டளையால் அப்பாச்சிக்கு வழிவிடலாம்.