ஷண்டிங் நீராவி எஞ்சின் என்பது என்ன? அது ஏன் இவ்வளவு குட்டியாக இருக்கிறது?

தொலைதூரம் ஓடாமல் ஆலை, துறைமுகம், சுரங்க வளாகத்துக்குள்ளேயே சரக்குப் பெட்டிகளைத் தள்ளியும் இழுத்தும் இடம் மாற்றுவதுதான் ஷண்டிங் எஞ்சின். வெளியூர்ச் சரக்கை லாரி கொண்டுவந்து இறக்கும். சவுக்கார்பேட்டைச் சந்துக்குள் அதைக் கொண்டுசேர்ப்பது மீன்பாடி வண்டி. இங்கும் அதே பங்கீடுதான்.

ஆலைத் தண்டவாளங்கள் சட்டென்று வளையும். முன்பின் சக்கரங்கள் நெருக்கமாக இருந்தால்தான் எஞ்சின் தடம் புரளாமல் திரும்பும். சக்கரம் சிறிதானால் வேகம் குறையும், இழுவிசை கூடும். பலவற்றில் தண்ணீர்த் தொட்டி கொதிகலன்மீதே கவிந்திருக்கும். அந்த எடை அழுத்துவதால் சக்கரம் எளிதில் வழுக்காது. ரசிகர்கள் சொக்கிப்போவது இந்தச் சிக்கனத்தில்தான். தீப்பொறியே ஆகாத ஆலைகளுக்கு அடுப்பில்லாத எஞ்சின்கூட உண்டு! ஆலைக் கொதிகலனிலிருந்து நீராவியை நிரப்பிக்கொண்டு ஓடும். சிந்திரி உர ஆலையில் உழைத்த அப்படியொன்று டெல்லி தேசிய ரயில் அருங்காட்சியகத்தில் நிற்கிறது.

பின்னால் நிலக்கரியும் தண்ணீரும் சுமக்கும் கரிவண்டி இல்லாததெல்லாம் ஷண்டிங் எஞ்சின் என்று பலர் நினைக்கிறார்கள். 1855-இல் தயாராகி, நம் பெரம்பூர் பணிமனையில் சீரமைக்கப்பட்டு 2010-இல் மீண்டும் ஓடிய ‘இ.ஐ.ஆர். 21’ (கிழக்கிந்திய ரயில்வேயின் 21-ஆம் எண் எஞ்சின்)-க்கும் கரிவண்டி கிடையாது, ஆனால் அதன் பெயரே ‘எக்ஸ்பிரஸ்’.