ஆட்டுக்கால் பாயா தெரிந்தால் போதும்

வணக்கம் சகோதரி. ஜூலி பவல் தன் சமையல் அனுபவங்களை எழுதிய 'ஜூலி அண்ட் ஜூலியா' புத்தகத்தை அறுபது பக்கத்துக்கு மேல் வாசிக்க முடியவில்லை, பிரெஞ்சு உணவுப் பெயர்கள் புரியாததால் சிரிப்பே வரவில்லை என்று எழுதியிருந்தீர்கள். தயவுசெய்து மூடி வைத்துவிடாதீர்கள்.

உணவின் பெயரை விடுங்கள், அடுப்பில் என்ன வேகிறது என்று பாருங்கள். ஜூலி கன்றுக்காலை வேகவைத்து ஜெல்லி எடுக்கும் இடம் எனக்கும் முதலில் பிடிபடவில்லை. பிறகு தண்டையார்பேட்டையில் எங்கள் வீட்டுச் சமையலறையில்தான் விளங்கியது. ஞாயிற்றுக்கிழமை மிஞ்சிய ஆட்டுக்கால் பாயாவை மறுநாள் ஃபிரிட்ஜிலிருந்து எடுத்தால், கிண்ணத்தைச் சாய்த்தாலும் வழியாது; குலுங்கி நிற்கும். மேலே வெள்ளையாகக் கொழுப்பு ஏடு. இப்படி உறைந்து நிற்கும் சாறுதான் பிரெஞ்சுக்காரர்களுடைய 'ஆஸ்பிக்'. நாம் சூடாக்கி ஆப்பத்துக்கு ஊற்றிக்கொள்கிறோம். அவர்கள் உள்ளே முட்டையோ கறியோ வைத்து, குளிரக் குளிரப் பரிமாறுகிறார்கள்! இது தெரிந்தபின் அந்தப் பக்கங்களை மறுபடி வாசித்து வயிறு வலிக்கச் சிரித்தேன்.

உயிருள்ள சிங்கி இறாலோடு அவர் படும் பாட்டுக்கு விளக்கமே வேண்டாம். காசிமேட்டில் நண்டு வாங்கி, பைக்குள் அது பிறாண்டும் சத்தத்தோடு வீடு திரும்பியவர்களுக்கு எல்லாம் புரியும்.

அமெரிக்கச் சமையல் எழுத்தாளர் ஜூலியா சைல்ட் மற்றவர்களோடு சேர்ந்து எழுதி 1961-இல் வந்த பிரெஞ்சுச் சமையல் புத்தகத்தின் 524 குறிப்புகளை ஜூலி 365 நாளில், பகலெல்லாம் அலுவலக வேலை பார்த்துக்கொண்டே சமைக்கிறார். எவ்வளவு பெரிய துணிச்சல்! நடுநடுவே ஜூலியா சைல்டின் பழைய வாழ்க்கையைக் கற்பனை செய்யும் சிறு பகுதிகளை முதல் வாசிப்பில் தாண்டிவிடலாம்.

எந்த உணவில் சிக்கி நிற்கிறீர்கள் என்று சொல்லுங்கள், தெரிந்தவரை எழுதுகிறேன்.