சர்வரில் மட்டும் தேதி ஒரு நாள் பின்னால் போவது ஏன்?

ஏற்காடு லாட்ஜ் புக்கிங் புரோகிராம் உங்கள் லேப்டாப்பில் ஒழுங்காக ஓடுகிறது, சர்வரில் ஏற்றினால் விடியற்காலை வருகிறவர்களுக்கு மட்டும் முந்தின நாள் தேதி விழுகிறது என்று கேட்டிருக்கிறீர்கள். சேலத்தில் ஒரு கடைக்கு பில் போடும் சாஃப்ட்வேர் எழுதியபோது நானும் இதில் மாட்டினேன்.

சர்வர் யுடிசி நேரத்தில் (உலகப் பொது நேரம், நம் நேரத்துக்கு ஐந்தரை மணி நேரம் பின்னால்) ஓடுகிறது, அவ்வளவுதான். மே 1 காலை 4 மணிக்கு மலையேறி வந்து ரூம் சாவி வாங்குபவர், சர்வர் கணக்கில் ஏப்ரல் 30 இரவு 10:30-க்கு வந்தவர். மாதக் கணக்கே மாறிவிடும். சிலர் கண்ட இடத்திலெல்லாம் ஐந்தரை மணி நேரத்தைக் கூட்டிவிடுவார்கள். தயவுசெய்து வேண்டாம், ஏற்கெனவே இந்திய நேரத்தில் இருக்கும் மெஷினில் அது இரண்டு தடவை கூடும்.

சேமிப்பது யுடிசி-யில், 1970 ஜனவரி 1-லிருந்து கடந்த நொடிகளாக, 64 பிட் எண்ணில் (பிளஸ், மைனஸ் குறியுள்ள 32 பிட் என்றால் 2038 ஜனவரி 19-ல் எண் நிரம்பி கதை முடிந்தது). திரையில் காட்டும்போது மட்டும் இந்திய நேரத்துக்கு, அதாவது 'ஏசியா/கொல்கத்தா' என்ற நேர மண்டலத்துக்கு மாற்றுங்கள்.

சி மொழியில் எழுதுகிறீர்கள் என்பதால் இதையும் சொல்லிவிடுகிறேன்: தேதியை நொடிகளாக்கும் எம்கேடைம் ஃபங்ஷன், கொடுத்த தேதியை அந்த மெஷினின் உள்ளூர் நேரமாகத்தான் எடுக்கும். யுடிசி தேதியை நொடியாக்க லினக்ஸில் டைம்ஜிஎம் இருக்கிறது, விண்டோஸில் அதே வேலைக்கு எம்கேஜிஎம்டைம் என்று வேறு பெயர், முன்னால் ஓர் அடிக்கோடு வேறு. ஒரு சின்ன ஹெடர் ஃபைலில் இரண்டையும் ஒரே பெயருக்குள் அடக்கிவிடுங்கள். அப்புறம், இந்த ஃபங்ஷன்களுக்குத் தேதியைப் போட்டுக் கொடுக்கும் ஸ்ட்ரக்சரில் வருடத்திலிருந்து 1900-ஐக் கழிக்க வேண்டும், மாதம் 0-விலிருந்து ஆரம்பம், மே என்றால் 4. இதை மறந்துவிட்டு ஒரு ராத்திரி முழுக்க நான் திட்டியது கம்பைலரை.