உறங்குபவரின் விரலும் கைபேசியின் பூட்டும்

இந்த இதழுக்கு வந்த கடிதங்களில் மூன்று ஒரே விஷயத்தைப் பற்றியவை என்பதால், மூன்றையும் சேர்த்தே எடுத்துக்கொண்டேன். எழுதியவர்களின் அடையாளம் தெரியக்கூடிய விவரங்கள் மாற்றப்பட்டுள்ளன.

கேள்வி: எனக்குத் திருமணமாகி 11 ஆண்டுகள் ஆகின்றன. இரண்டு குழந்தைகள். கணவர் ஜவுளி நிறுவனம் ஒன்றில் கொள்முதல் பிரிவில் இருக்கிறார். நான்கு மாதங்களுக்கு முன்பு ஓர் இரவு 11.12 மணிக்கு, அவருடன் வேலை பார்க்கும் பெண்ணிடமிருந்து ‘சாப்பிட்டாச்சா?’ என்று வாட்ஸ்அப்பில் செய்தி வந்ததைத் தற்செயலாகப் பார்த்தேன். அதற்கு மேலே இரண்டு செய்திகள் நீக்கப்பட்டிருந்தன. அன்றிலிருந்து, அவர் உறங்கிய பிறகு அவருடைய கட்டைவிரலை மெல்ல எடுத்து வைத்துக் கைபேசியைத் திறந்து பார்க்கிறேன். பையனின் படிப்புக்காக வாங்கிய டேப்லெட்டிலும் அவருடைய வாட்ஸ்அப்பை இணைத்துவிட்டேன். இதுவரை வேறு எதுவும் கிடைக்கவில்லை. ஆனாலும் நிறுத்த முடியவில்லை. அவரிடம் கேட்டால் நான் பார்த்ததையும் சொல்ல வேண்டிவரும் என்பதால் வாய் வரவில்லை. நான் செய்வது தவறா? – பெயர் வெளியிட விரும்பாத வாசகி, ஈரோடு

பதில்: அன்புச் சகோதரி, தவறா சரியா என்பதற்குப் பிறகு வருகிறேன். உங்கள் கடிதத்தில் ‘கிடைக்கவில்லை’ என்ற சொல்லில்தான் என் கண் நின்றது. நான்கு மாதங்களாக ஒன்றும் கிடைக்கவில்லை என்றால், இத்தனை நாளில் உங்கள் மனம் கொஞ்சமாவது ஆறியிருக்க வேண்டும். ஆறவில்லை. ஏனென்றால், ஒன்றும் கிடைக்காத இரவில் ‘படுப்பதற்கு முன்பே அழித்துவிட்டார் போலிருக்கிறது’ என்று தோன்றும். ஏதோ ஒன்று கிடைத்த இரவில் ‘இது தெரிந்தது இவ்வளவு, தெரியாதது எவ்வளவோ’ என்று தோன்றும். எது நேர்ந்தாலும் அடுத்த நாளும் இரண்டு மணிக்கு எழுந்திருக்கத்தான் வேண்டும். உளவு பார்த்தே சந்தேகம் தீர்ந்த ஒருவரை என் ஆலோசனை அறையில் நான் இதுவரை பார்த்ததில்லை.

அந்தச் செய்தியையே எடுத்துக்கொள்வோம். ‘சாப்பிட்டாச்சா?’ என்பது நம் ஊரில் வணக்கத்துக்குச் சமமான சொல். பால்காரரிடமும் கேட்போம், சம்பந்தி வீட்டாரிடமும் கேட்போம். அதே சொல் இரவு 11 மணிக்கு மேல், இரண்டு செய்திகள் நீக்கப்பட்ட இடத்துக்குக் கீழே வந்தால் வேறு மாதிரி ஒலிக்கும் என்பதையும் நான் மறுக்கவில்லை. சரக்கு வண்டி வந்து கடையில் இருப்புக் கணக்கு முடிய இரவாகிப்போன நாளாக அது இருந்திருக்கலாம். அப்படி இல்லாமலும் இருந்திருக்கலாம். எழுத்தில் குரல் இல்லை. ‘இந்தச் செய்தி நீக்கப்பட்டது’ என்று மட்டும்தான் திரை சொல்லும். ஆளை மாற்றி அனுப்பியதால் நீக்கினார்களா, மறைப்பதற்காக நீக்கினார்களா என்று சொல்லாது. அதைச் சொல்லக்கூடியவர் உங்கள் பக்கத்தில் உறங்கிக்கொண்டிருப்பவர் ஒருவர்தான். அவரிடம் கேட்க வேண்டிய கேள்வியை நான்கு மாதங்களாக அவருடைய கட்டைவிரலிடம் கேட்டுக்கொண்டிருக்கிறீர்கள்.

இனி, தவறா என்ற கேள்வி. சந்தேகம் வந்தது தவறில்லை. பதினொரு ஆண்டுகள் சேர்ந்து வாழ்ந்தவருக்குக் கணவரின் நடையில் ஒரு சிறு மாற்றம் வந்தாலும் தெரியும். ஆனால் உறங்குகிறவரின் விரலைப் பயன்படுத்துவது, நம்மை நம்பிக் கண் மூடியவரிடம் செய்கிற காரியம். அதை அவர் உங்களிடம் செய்திருந்தால் நீங்கள் என்ன சொல்லியிருப்பீர்களோ அதுவே என் பதில்.

முதலில் அந்த டேப்லெட்டிலிருந்து இணைப்பை நீக்குங்கள். இதை நீதிக்காக மட்டும் சொல்லவில்லை. அது உங்கள் மகன் பாடம் படிக்கிற கருவி. நாளை உண்மையிலேயே ஏதாவது ஒரு செய்தி வந்தால், அதை முதலில் படிக்கப்போவது யார் என்று நினைத்துப் பாருங்கள். இன்னொன்று: வாட்ஸ்அப்பில் ‘இணைக்கப்பட்ட சாதனங்கள்’ என்ற பகுதியைத் திறந்தால், எந்தெந்தக் கருவிகளில் அந்தக் கணக்கு ஓடுகிறது என்பது உங்கள் கணவருக்கு ஒரே பார்வையில் தெரிந்துவிடும். என்றாவது ஒரு நாள் அவர் அதைத் திறப்பார். அவராகக் கண்டுபிடித்துவிட்டால் அதன் பிறகு வீட்டில் பேச்சு உங்கள் குற்றத்தைப் பற்றி மட்டுமே இருக்கும்; அவருடைய பக்கத்தை யாரும் பேச மாட்டார்கள். நீங்களே சொன்னால் இரண்டையும் பேச முடியும்.

எப்படிச் சொல்வது? குழந்தைகள் உறங்கிய பிறகு, சாப்பாட்டுத் தட்டு முன்னால் இல்லாத நேரமாகப் பார்த்து, அந்தப் பெண்ணின் பெயரை எடுக்காமல் தொடங்குங்கள். “நான்கு மாதங்களாக எனக்குத் தூக்கமில்லை. உங்கள் போனை உங்களுக்குத் தெரியாமல் பார்த்தேன். செய்தது தவறு. ஆனால் பார்க்கும் அளவுக்கு என்னை எது கொண்டுபோனது என்பதையும் நீங்கள் கேட்க வேண்டும்” என்று சொல்லிவிட்டு, செய்தியைப் பற்றி அதற்குப் பிறகு கேளுங்கள். அவர் கோபப்படுவார், அது இயல்பு. கோபம் தணிந்த பிறகும் உங்கள் கேள்வியைத் தொடவே மறுத்தால், அல்லது ஒவ்வொரு முறையும் பதில் மாறினால், மூன்றாவது மனிதர் ஒருவரின் உதவி தேவைப்படும். மாமியாரையோ உங்கள் அண்ணனையோ அந்த மூன்றாவது மனிதராக்க வேண்டாம். பயிற்சி பெற்ற குடும்ப நல ஆலோசகர் ஒருவரிடம் இருவரும் சேர்ந்து போங்கள். ‘அவரை அப்படியே நம்பிவிடுங்கள்’ என்று நான் சொல்லவில்லை. கணவரிடமிருந்து உண்மையைக் கேட்டுப் பெறும் உரிமை உங்களுக்கு உண்டு.

கேள்வி: திருமணமான புதிதில் நானும் மனைவியும் கடவுச்சொற்களைப் பகிர்ந்துகொண்டோம். மூன்று மாதங்களுக்கு முன்பு அவள் தன் கைபேசியின் பூட்டை மாற்றிவிட்டாள். மறைக்க எதுவும் இல்லையென்றால் பூட்டு எதற்கு? கைபேசி நான் வாங்கிக் கொடுத்தது, சிம் கார்டும் என் பெயரில்தான் இருக்கிறது. வெளியே தெரியாமல் இயங்கும் கண்காணிப்புச் செயலி ஒன்றை அதில் நிறுவலாம் என்று நண்பர் சொல்கிறார். சட்டப்படி இதில் சிக்கல் உண்டா? கிடைப்பதை நாளை நீதிமன்றத்தில் காட்டலாமா? – வாசகர், தாம்பரம்

பதில்: சிக்கல் உண்டு. தகவல் தொழில்நுட்பச் சட்டம், 2000இன் 43, 66 ஆகிய பிரிவுகளின்படி, ஒருவருடைய கருவிக்குள் அவருடைய அனுமதியின்றி, நேர்மையற்ற அல்லது மோசடியான நோக்கத்தோடு நுழைவது 3 ஆண்டுகள் வரை சிறையோ, 5 லட்சம் ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கத்தக்க குற்றம். இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 78ஆவது பிரிவு, ஒரு பெண்ணின் இணையப் பயன்பாட்டையோ மின்னஞ்சலையோ பிற மின்னணுத் தகவல் தொடர்பையோ ஓர் ஆண் கண்காணிப்பதைப் பின்தொடர்தல் குற்றத்தில் சேர்க்கிறது. கணவர் என்பதற்காக அங்கே தனி விலக்கு எதுவும் எழுதப்படவில்லை. பணம் கொடுத்து வாங்கித் தந்தவர் நீங்கள் என்பதால் உங்கள் மனைவி பேசும் பேச்சு உங்களுடையதாகிவிடாது. சேலை வாங்கிக் கொடுத்ததை இப்படி யாரும் வாதமாக வைப்பதில்லை. கைபேசிக்கு மட்டும் வைக்கிறோம்.

நீதிமன்றத்தைப் பொறுத்தவரை நிலைமை சற்றுச் சிக்கலானது. அந்தரங்கத்துக்கான உரிமை அடிப்படை உரிமையே என்று உச்ச நீதிமன்றத்தின் 9 நீதிபதிகள் அமர்வு 2017 ஆகஸ்ட் 24 அன்று புட்டசாமி வழக்கில் தீர்ப்பளித்தது. அதன் வழியில், சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையில் நீதிபதி ஜி.ஆர். சுவாமிநாதன் 2024 அக்டோபர் இறுதியில் ஒரு தீர்ப்பு வழங்கினார். பரமக்குடி நீதிமன்றத்தில் நடந்த விவாகரத்து வழக்கில், மனைவிக்குத் தெரியாமல் எடுத்த அவருடைய அழைப்பு விவரப் பட்டியலைக் கணவர் சாட்சியமாக வைத்திருந்தார். தம்பதியருக்குள்ளும் அந்தரங்க உரிமை உண்டு, அதை மீறிப் பெற்ற சாட்சியம் ஏற்கத்தக்கதல்ல என்றார் நீதிபதி. ஆனால் 2025 ஜூலை 14 அன்று உச்ச நீதிமன்றத்தின் நீதிபதிகள் பி.வி. நாகரத்னா, சதீஷ் சந்திர சர்மா அமர்வு, பஞ்சாபின் பட்டிண்டா குடும்ப நீதிமன்றத்திலிருந்து வந்த வழக்கில், மனைவியுடன் பேசியதைக் கணவர் ரகசியமாகப் பதிவு செய்திருந்தாலும் திருமண வழக்கில் அதைச் சாட்சியமாகப் பரிசீலிக்கலாம் என்று தீர்ப்பளித்தது. இருவரும் ஒருவரையொருவர் உளவு பார்க்கும் நிலைக்கு வந்துவிட்டார்கள் என்றால் அதுவே உறவு முறிந்ததன் அறிகுறி என்ற கருத்தையும் அதே தீர்ப்பு சொல்கிறது.

இந்தத் தீர்ப்பை உங்கள் நண்பர் ‘உளவு பார்க்க உரிமம்’ என்று எடுத்துக்கொண்டிருக்கக்கூடும். அந்த வழக்கில் பதிவானது கணவர் தாமும் பங்கேற்ற உரையாடல். மனைவியின் கைபேசிக்குள் செயலியைப் புகுத்தி, அவர் தன் அக்காவிடமும் தோழியிடமும் பேசுவதையெல்லாம் எடுப்பது வேறு. சாட்சியமாகப் பரிசீலிக்கப்படுவது ஒன்று, அதைப் பெற்ற வழிக்காக வழக்கு வருவது இன்னொன்று. இரண்டும் ஒரே நேரத்தில் நடக்கலாம். உங்கள் வழக்குக்கென்று உறுதியாகச் சொல்ல ஒரு வழக்கறிஞர்தான் வேண்டும்.

செயலியைப் பற்றியும் ஒரு வார்த்தை. துணைவரைக் கண்காணிப்பதற்கான செயலிகளைக் கூகுள் பிளே ஸ்டோரின் விதிகளே அனுமதிப்பதில்லை. ஆகவே அவை வேறு தளங்களிலிருந்துதான் வரும். நிறுவும்போது கைபேசியின் பாதுகாப்புச் சோதனையை அணைக்கச் சொல்லும், குறுஞ்செய்திகளைப் படிக்க அனுமதி கேட்கும். உங்கள் மனைவிக்கு வரும் வங்கி ஓடிபியும் அந்தக் குறுஞ்செய்திகளில்தான் இருக்கிறது. யார் நடத்துகிறார்கள் என்றே தெரியாத ஒரு சர்வருக்கு வீட்டுச் சாவியை நீங்களே அனுப்பிவைப்பீர்கள்.

‘மறைக்க எதுவும் இல்லையென்றால் பூட்டு எதற்கு’ என்று கேட்டிருக்கிறீர்கள். குளியலறைக்கும் தாழ்ப்பாள் இருக்கிறது. தோழி ஒருத்தி தன் கருச்சிதைவைப் பற்றி உங்கள் மனைவியிடம் எழுதியிருக்கலாம். தங்கை தன் வீட்டுக் கடனைப் பற்றிப் புலம்பியிருக்கலாம். அவை உங்கள் மனைவியின் ரகசியங்கள்கூட அல்ல, அவரை நம்பி மற்றவர்கள் கொடுத்துவைத்தவை. எனக்கு எழுதுவதற்கு முன், “ஏன் மாற்றினாய்?” என்று அவரிடம் ஒருமுறையாவது கேட்டீர்களா? கடிதத்தில் அதைப் பற்றி ஒரு வரியும் இல்லை. அந்த மூன்று மாதங்களுக்கு முன்பு வீட்டில் என்ன நடந்தது என்பதையும் யோசித்துப் பாருங்கள்.

கேள்வி: எனக்கு நிச்சயதார்த்தம் முடிந்து ஒரு மாதம் ஆகிறது. இன்ஸ்டாகிராம் கடவுச்சொல்லைக் கொடு, ஆண் நண்பர்கள் எல்லோரையும் நீக்கு என்கிறார் மாப்பிள்ளை. அன்பினால்தான் கேட்கிறார் என்று சித்தி சொல்கிறார். – வாசகி, திருநெல்வேலி

பதில்: கொடுக்காதீர்கள். இன்று கடவுச்சொல், நாளை எங்கே இருக்கிறாய் என்று லொகேஷன், அதற்கடுத்து யாருடன் பேசலாம் என்ற பட்டியல் என்று இது நீளக்கூடும். பெரியவர்கள் தட்டு மாற்றியதும் மண்டபத்துக்கு முன்பணம் கட்டியதும் உண்மைதான். போனால் முன்பணம் போகும். “என் கணக்கு என்னிடமே இருக்கட்டும்; உங்களுக்கு என்ன தெரிய வேண்டுமோ என்னிடம் கேளுங்கள், சொல்கிறேன்” என்று அவரிடம் நேரில், நிதானமாகச் சொல்லுங்கள். மிரட்டலாக எதையாவது பேசினால், பெண்களுக்கான உதவி எண் 181ஐ அழைக்கத் தயங்க வேண்டாம். அவர் அமைதியாகக் கேட்டுக்கொண்டாரா, குரலை உயர்த்தினாரா, உங்கள் அப்பாவுக்குப் போன் செய்து புகார் சொன்னாரா என்பதைக் கவனித்து, திருமணத் தேதிக்கு முன் எனக்கு இன்னொரு கடிதம் எழுதுங்கள்.